படி யார் கையில்?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இப்போதும் பெரியவர்கள் 'ஸ்டான்லி' என்று சொல்வதில்லை. 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்கார கவர்னர் ஸ்டான்லியின் பெயர் 1930-களில் ஒட்டவைத்தது. ஜனங்கள் சொல்லும் பெயருக்குப் பின்னால் இருக்கிற கதை அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முந்தையது. 1780-ல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. ஊர்கள் எரிந்தன, பயிர் போனது. உயிர் பிழைத்தவர்கள் பட்டணத்தைப் பார்த்து ஓடிவந்தார்கள். 1782-ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. பொறுப்பு மணியக்காரர் ஒருவர் கையில் இருந்ததால் மணியக்காரர் சத்திரம். துரைமார் வாயில் அது 'மோனிகர் சவுல்ட்ரி' ஆனது. அதை ஒட்டி வைத்தியசாலை வந்தது, பிறகு மருத்துவப் பள்ளி, பிறகு கல்லூரி. கஞ்சி நின்றுபோனது. பெயர் நிற்கிறது.

ராஜாக்கள் கல்வெட்டில் எழுதினார்கள், செப்பேட்டில் எழுதினார்கள். பசித்தவர்கள் வாயால் எழுதிவைத்த கல்வெட்டு இந்தப் பெயர். இதைப் படிக்கத் தெரிந்தால் ஒரு கேள்வி எழும். தொட்டியில் கஞ்சி இருந்தது சரி. அகப்பை யார் கையில் இருந்தது? யாருக்கு எவ்வளவு என்று அளந்தது யார்?

செங்கல்பட்டு ஜில்லாவில் நம்மாட்களுக்கு ஒரு பெயர் உண்டு: படியாள். கூலியைக் காசாக அல்ல, படியால் அளந்து வாங்குகிறவன். திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி எல்லாம் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவைதான். எங்க ஆயா பொன்னேரிப் பக்கத்துச் சேரியில் பிறந்து ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது. ஆயா சொல்லும்: "ஆண்டைக்குப் படி ரெண்டுடா. வாங்கறப்ப கோபுரமா குமிச்சி வாங்குவான். குடுக்கறப்ப தலையத் தட்டிக் குடுப்பான்." ஒரே படி, கை மாறினால் அளவும் மாறும். பசியின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அந்தத் தட்டிய படியை வைத்துக்கொண்டு எட்டு வயிற்றை நடத்துவது ஒரு நிர்வாகம். அதைச் செய்தவர்கள் நம் பெண்கள். கேவுரு மாவை ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்தால் காலையில் கூழ் கனக்கும், வயிற்றில் ரொம்ப நேரம் நிற்கும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றினால் மறுநாளைக்கு ஒரு வேளை. மீன் மலிந்தபோது உப்பு போட்டு உலர்த்தினால் மழைக் காலத்துக்குக் கருவாடு. முகத்துவாரச் சேற்றில் நண்டு, வரப்பில் கீரை. வேலைக்குப் போகிறவனுக்கு அடிக்கூழ், குழந்தைக்கு நடுக்கூழ், தனக்கு மேல் தண்ணீர். இந்த வரிசையை யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனால் எழுதப்பட்ட சட்டங்களைவிட ஒழுங்காக நடந்தது. ஆடி மாசம் வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது பக்தியைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். விதைத்தது வீட்டுக்கு வராத மாசத்தில், இருக்கிற தானியத்தைத் தெருவுக்கே கரைத்து ஊற்றுகிற பழைய புத்தியும் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த நிர்வாகமெல்லாம் ஒன்றும் செய்ய முடியாமல் கைவிட்ட வருஷம் தாது வருஷம். 1876-ல் மழை பொய்த்தது, 1877-லும் சரியாக இல்லை. ஆங்கிலேய ஆட்சிப் பகுதியில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் செத்ததாகச் சொல்வார்கள். அதைவிட அதிகம் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. 'மழை இல்லை, அதனால் சாவு' என்று பாடப் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். அவ்வளவு நேர்க்கோடாக அது நடக்கவில்லை.

ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கடல் வழியாகவும் தானியம் வந்து இறங்கியது. மூடிய துறைமுகம் அன்று இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், மசுலாப் படகுக்காரர்கள் அலை தாண்டி மூட்டைகளைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கரையில் அரிசி மலைபோலக் குவிந்திருந்தது, அதற்குச் சிப்பாய்க் காவல், அந்தக் காவலுக்கு முன்னாலேயே ஜனங்கள் சுருண்டு விழுந்து செத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 1877-78-ல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3,20,000 டன் கோதுமை ஏற்றுமதியானது. அதற்கு முன் அவ்வளவு போனதில்லை.

தானியம் இருந்தும் ஏன் சாவு? படியாளை நினைத்துப் பாருங்கள், பதில் கிடைக்கும். அவனுக்குக் கூலியே தானியம். விளைச்சல் இல்லையென்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் படி இல்லை. கடையில் அரிசி இருந்தால் அவனுக்கென்ன? கையில் காசு பார்த்தே பழக்கமில்லாதவன். அமர்த்தியா சென் 1981-ல் வங்கப் பஞ்சத்தை வைத்து இதைத்தான் நிறுவினார்: பஞ்சம் என்பது உணவு இல்லாதது மட்டுமல்ல, உணவைப் பெறும் உரிமை இல்லாதது. ஆண்டையின் ரெண்டு படியைப் பற்றி ஆயா சொன்னதும் இதன் இன்னொரு பக்கம்தான்.

1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் பஞ்சத்தைப் பார்வையிட இங்கே அனுப்பப்பட்டார். அதே மாசம் முதல் தேதிதான் டெல்லியில் லிட்டன் பிரபு விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்து தர்பார் நடத்தினார். டெம்பிள் கல்நெஞ்சக்காரராகவே பிறந்தவர் அல்ல. 1873-74-ல் வங்காளம், பிகார்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்துத் தாராளமாகக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. அதற்காகப் பாராட்டு வரவில்லை, 'பணத்தை வீணடித்தாய்' என்ற வசைதான் வந்தது. பாடம் கற்றுக்கொண்ட மனுஷன் சென்னைக்கு வந்ததும் கணக்கை இறுக்கினார். நிவாரண வேலை செய்கிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதற்குமேல் கொஞ்சம் சில்லறை. இதற்கு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை கிடையாது, பத்து மைல் தள்ளித்தான். நிஜமாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது சோதனை. நடக்க முடிகிற அளவு தெம்பு உள்ளவனே பசித்தவன் என்று ஆனது.

எதிர்த்தவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். உழைக்கிற உடம்புக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாசங்களில் சென்னை அரசு பாதி இறங்கிவந்து 570 கிராம் தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று மாற்றியது. பம்பாய் மாகாணத்தில் இதே கூலியை எதிர்த்து வேலைத்தளங்களை விட்டே ஜனங்கள் வெளியேறினார்கள். பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது. மைக் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2001-ல் எழுதிய நூலில் டெம்பிள் கூலியைக் கலோரியில் கணக்கிட்டுக் காட்டினார்: 1,627. ஹிட்லரின் புக்கன்வால்ட் முகாமில் 1944-ல் கைதிக்குக் கொடுத்தது 1,750.

கணக்கு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. எங்க தெருப் பையன்கள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறார்கள். 2018-ல் வந்தது, 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' என்று பெயர். 1403-ஆம் வருஷத்து பொஹீமியா நாட்டில் நடக்கிற கதை. நாயகன் கொல்லன் மகன். ஊரை எரித்துவிடுகிறார்கள், அகதியாக ஓடிவருகிறான். ஹைதர் காலத்தில் பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களைப் போலத்தான். அவன் பசிக்கு ஒரு எண் உண்டு. நூறு என்றால் வயிறு நிறைவு. நேரம் போகப் போகக் குறையும், குறைந்தால் தெம்பு போகும். நூறுக்கு மேலே தின்றாலும் உடம்பு மந்தமாகும். வைத்திருக்கிற தீனி நாளாக ஆகக் கெட்டுப்போகும். நிஜம் மாதிரியே செய்திருக்கிறான் என்று பையன்கள் வியக்கிறார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நிஜமில்லாத இடம் இரண்டு தெரிந்தது. ஒன்று, பசியின் எண்ணைப் பசித்தவனே பார்க்கிறான், எப்போது எதைத் தின்பது என்று அவனே முடிவு செய்கிறான். டெம்பிள் முகாமில் எண் துரையின் நோட்டில் இருந்தது, பசி மட்டும்தான் இவனிடம் இருந்தது. இரண்டு, அந்த ஊரில் அடுப்பில் கொதிக்கிற எந்தச் சட்டியிலும் அவன் அள்ளித் தின்னலாம். காசு வேண்டாம். 'நீ யாரு, எந்தத் தெரு' என்று யாரும் கேட்பதில்லை.

நம் ஊர்ச் சட்டி அப்படிப்பட்டதல்ல. பஞ்சத்துக்குப் பிறகு, 1880 கமிஷன் அறிக்கையை வைத்து அரசு பஞ்ச விதிகளை எழுதியது. சமையற்காரன் மற்ற சாதியார் ஒத்துக்கொள்கிற சாதியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அந்த நிர்வாகம் முழுக்க இருந்தது. முகாமுக்கு வரக் கூச்சப்படுகிற 'மரியாதையான' குடும்பத்தாருக்கு வீட்டுக்கே உதவி போனது. மானம் அவர்களுக்கு இருந்தது, அரசும் ஒப்புக்கொண்டது. சேரியிலிருந்து வந்தவனுக்கு மானம் என்று ஒன்று இருப்பதாக எந்த விதியும் யோசிக்கவில்லை. பத்து மைல் நடந்து, மண் வெட்டி, வரிசையில் தள்ளி நின்று வாங்க வேண்டியவன் அவன். சாவு எல்லோருக்கும் பொது என்பது வேதாந்தம். பஞ்சத்தில் சாவும் சாதி வரிசைப்படிதான் வந்தது.

எண்ணூருக்குப் போகும் வழியில் கூடவே ஓடிவருகிற பக்கிங்காம் கால்வாயைப் பாருங்கள். பட்டணத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் கொக்ரேன் என்ற துரை 1806-ல் வெட்டியது அதன் பழைய பகுதி. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதி 1877-78-ல் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. அந்தப் பவுண்டு கணக்கு நடந்த காலத்தில் மண் சுமந்தவர்களின் வேலை அது. பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் கோமகனுக்குப் போனது.

இதே கால்வாயின் வடகோடியில் வேறொன்று நடந்தது. ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரி ஜான் கிளாவ் சுமார் மூன்றரை மைல் கால்வாய் வெட்டும் ஒப்பந்தத்தைத் தானே எடுத்தார். தோண்டியவர்கள் பெரும்பாலும் மாதிகா மக்கள். மேஸ்திரிகளாக நின்றவர்கள் அதே சாதியிலிருந்து வந்த உபதேசிமார். மற்ற தளங்களில் மேஸ்திரி அடித்தான், கூலியில் பிடித்தான். இங்கே அளக்கிற கை தன் ஜனத்தின் கையாக இருந்தது. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 'அரிசிக் கிறிஸ்தவன்' என்று கேலி பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். பஞ்சம் நடக்கும்போது கிளாவ் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்திவைத்திருந்தார். ஜனங்கள் அரிசிக்காக மட்டும் போனார்கள் என்றால் அரிசி கிடைத்ததும் திரும்பியிருப்பார்கள். தன்னை மனுஷனாக எண்ணி அளந்த கையைத் தேடித்தான் போனார்கள்.

கையை மாற்றுவது என்றால் கடைசியில் நிலத்துக்குத்தான் வர வேண்டும். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதாரன் பிடியில், கேள்வி கேட்டால் வீட்டையே காலி செய்யச் சொல்வான், படியாள் எப்படி வாய் திறப்பான் என்பதை அரசு முன் வைத்தார். 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலமும் கை மாறிப்போனதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே ஜில்லாவில், காரணையில், அதை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கஞ்சி கேட்டவனுக்குத் தொட்டி கட்டிக்கொடுத்த அரசுதான், படி கேட்டவனைச் சுட்டது.

கஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. 1920-ல், நம் கொருக்குப்பேட்டைப் பக்கத்துக்காரரான தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு தொடங்கியது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்குள் செலவு. பிறகு 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததற்கு அந்தத் தட்டும் ஒரு காரணம். ஆனால் 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் கூட்டம் கூடி மறித்தது. அவரை இடம் மாற்றி உத்தரவும் போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது ரத்தானது, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 140 வருஷம் கழித்தும் பஞ்ச முகாமின் அடுப்புச் சட்டம் அணையவில்லை.

நம் கை நீண்டு வாங்குகிறவரை யாருக்கும் தொந்தரவில்லை. அதே கை அகப்பையைப் பிடித்தால்தான் ஊர் கூடுகிறது. எட்டு வயிற்றைத் தட்டிய படியில் நடத்திக் காட்டிய பெண்களுக்கு அளக்கத் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. நூறு வருஷம் நம் பசியை மற்றவர்கள் அளந்தார்கள். இனி நாம் கேட்க வேண்டியது இன்னொரு கரண்டி கஞ்சி அல்ல, படி.