கயல் பொறித்த வாசலும் பாண்டியர் குதிரைகளும்

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைபவர்கள் வாசற்கல்லில் பொறித்திருக்கும் கயலைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உள்ளே மேயும் மான்களைப் பார்க்கும் அவசரம் அவர்களுக்கு. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினர். கயலோ அதற்கும் முந்திய காலத்தின் சின்னம். 1263ஆம் ஆண்டையொட்டி ஈழத்தின்மீது படையெடுத்த சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் தன் கயற்சின்னத்தை நாட்டியதைக் குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது.

கடல் கடந்து வந்து இங்கே கயல் பொறித்த அந்த அரசு, குதிரைகளுக்காகப் பொன்னைக் கொட்டிய அரசுமாகும். தமிழ்நாட்டில் நல்ல குதிரை பிறப்பதில்லை. ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து காயலுக்குக் கப்பல் கப்பலாக அவை வந்திறங்கின. குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தினார் என்றும், கடலில் இறந்தவற்றுக்கும் பாண்டியனே பணம் கொடுத்தான் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப் எழுதினார். பரி வாங்கப் போன அமைச்சரின் கதையைத் திருவிளையாடலாகப் போற்றும் நமக்கு இச்செலவு வியப்பளிக்காது.

வியப்பளிப்பது வேறொன்று. 1290களில் வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்பட்டும் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். அவற்றுக்கு இறைச்சியோடு வேகவைத்த சோறு போட்டார்களாம். வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்து, நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்கவிட்டுப் பின்னர் கண்மூடித்தனமாக ஓட்டினர் என்கிறார் வசாஃப். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் ஊட்டியிருக்கிறார்கள், பாவம்!

குதிரையின் வயிறு புல்லுக்கானது. மாவுச்சத்து அளவுக்கு மீறினால் செரிக்காத பகுதி பெருங்குடலை அடைந்து புளிக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் பெருகி, அமிலம் மிகுந்து, குடற்சுவர் பழுதடைய, நச்சுப்பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. குளம்பின் உட்சுவரையும் கால் எலும்பையும் பிணைத்திருப்பவை ஐந்நூறுக்கும் மேற்பட்ட மெல்லிய மடிப்புகள். குதிரையின் எடை முழுவதும் அவற்றில் தொங்குகிறது. அங்கேதான் அழற்சி தொடங்குகிறது. பிணைப்பு தளர்ந்தால் எலும்பு குளம்புக்குள் கீழிறங்கிவிடும். இதுவே லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி. வாற்கோதுமையால் வரும் இந்நோயை அரிஸ்டாட்டிலே அறிந்திருந்தார்.

குளம்புக்கு இரத்தம் குறைவதே மூலகாரணம் என நெடுங்காலம் பலர் கருதினர். குதிரை நொண்டுவதற்கு முன்பே வெள்ளையணுக்கள் அம்மடிப்புகளுக்குள் புகுந்துவிடுகின்றன என்பதை 2000க்குப் பிந்திய ஆய்வுகள் உறுதிசெய்தன. மிகுதியாகத் தானியம் தின்ற குதிரை முதல் நாள் நன்றாகவே நிற்கும். கால் தாங்கும்போது தீங்கு நடந்து முடிந்திருக்கும். அந்த மௌனமான வேளையிலேயே கால்களைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தினால் பாதிப்புக் குறைகிறது என ஆஸ்திரேலியாவின் வான் எப்ஸ், பாலிட் இருவரும் 2004இல் காட்டினர். வெந்த சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே எளிதாகச் செரித்துவிடும் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அது இன்சுலினை உயர்த்துகிறது; கொழுத்த, நடையில்லாத குதிரைகளுக்கு இன்று அதிகம் வரும் குளம்பு நோய் அவ்வழியில் வருவதே. அங்கே அழற்சியின் பங்கு சிறிது.

காயலில் மாண்டவையெல்லாம் குளம்பு நோயால் மாண்டன என நான் வாதிடவில்லை. வெப்பமும் வேறு நோய்களும் இருந்திருக்கும். ஆயினும் பழியைத் தட்பவெப்பத்தின்மீது மட்டும் போட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. மார்க்கோ போலோ எழுதியுள்ள இன்னொரு செய்தியே அதற்குக் காரணம். குதிரை விற்ற வணிகர்கள் லாடம் அடிப்போரையோ குதிரை வைத்தியரையோ தாமும் அழைத்து வருவதில்லை. பிறர் வருவதையும் தடுத்தனர். குதிரைகள் சாகச்சாக மறு ஆண்டு விற்பனை நடந்தது.