ஊடகக் கவனமும் பொது நினைவும்: 1997ஆம் ஆண்டின் இரு மறைவுகள்

1997 ஆகஸ்டு 31 அன்று பிரித்தானிய இளவரசி டயானா பாரிசில் நேர்ந்த வாகன விபத்தில் உயிரிழந்தார். செப்டம்பர் 5 அன்று அன்னை தெரசா கொல்கத்தாவில் மறைந்தார். புகழ்பெற்றவரின் மறைவு தொண்டரின் மறைவை மூடிவிட்டது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. பிரபலம், தொண்டர் என இருவரையும் எதிரெதிராக நிறுத்தும் இப்பார்வை மறுஆய்வுக்குரியது.

1950இல் தம் சபையை நிறுவிய தெரசா, மேலைநாட்டு மக்களிடையே பரவலாக அறியப்பட்டது மால்கம் மக்கரிட்ஜ் 1969இல் பிபிசிக்காக உருவாக்கிய ஆவணப்படத்திற்குப் பின்னரே. நோபல் பரிசு 1979இல் வந்தது. டயானாவோ, தம்மைத் தொடர்ந்த ஒளிப்படக் கருவிகளை 1997 சனவரியில் அங்கோலாவின் கண்ணிவெடி வயலுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை ஒட்டாவாவில் கையெழுத்தானது. அதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவை தன்னார்வ அமைப்புகள். பொது நினைவில் நின்றதோ டயானாவின் படமே.

ஆகவே, இருவரின் நினைவிலும் ஊடகத்திற்குப் பங்குண்டு. அப்படங்களுக்கு வெளியே நின்றவர்கள் பெயரறியாத அருட்சகோதரியரும் கண்ணிவெடி அகற்றுநருமே. ஊடகப் பதிவை ஒருவரது தகுதியின் அளவுகோலாகக் கொள்ளாமல், ஆய்வுக்குரிய சான்றாகவே வரலாற்றாய்வாளர் கொள்ளுதல் வேண்டும்.