பிடிஎஃப்புக்கு எழுத்து தெரியாது

தாத்தா ஒரு நோட்டில் கொள்ளிடத்தின் வெள்ளக் கணக்கு எழுதி வைத்திருந்தார். எந்த வருஷம் எந்தப் படி வரை தண்ணீர் வந்தது, யார் வீட்டு மாடு போனது, அவ்வளவுதான். அதைத் தட்டச்சு செய்து, ஒரு நிரல் நூலகத்தை வைத்து பிடிஎஃப் ஆக்கி, சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். பத்துப் பதினைந்து வரி நிரல். திறந்து பார்த்தால் 'கொள்ளிடம்' என்ற சொல்லில் 'க' அநாதையாக நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் கிடக்கிறது. என் நிரலில் பிழை இல்லை. பின்னே எங்கே என்று தேடினால், கதை நாற்பது வருஷம் பின்னால் போகிறது.

ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் ஜெராக்ஸின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் இருந்தவர்கள். அச்சுப்பொறிக்கு ஒரு பக்கத்தை எப்படி விவரிப்பது என்பதற்கு அங்கே ஒரு மொழியை உருவாக்கினார்கள். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. 1982இல் இருவரும் விலகி அடோபியைத் தொடங்கினார்கள். வார்னாக் வீட்டுப் பக்கம் ஓடிய ஓடையின் பெயர் அது. (இந்தக் கதை ஆற்றில் தொடங்கி ஓடைக்கு வந்துவிட்டது. நான் திட்டமிடவில்லை.) 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்தது, மறுவருஷம் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறிக்குள் போனது. ஆனால் போஸ்ட்ஸ்கிரிப்ட் முழு நிரல் மொழி. ஐம்பதாம் பக்கத்தைப் பார்க்க, முதல் நாற்பத்தொன்பதையும் ஓட்டிப் பார்க்க வேண்டிவரலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வார்னாக் 'கேம்லாட்' என்ற பெயரில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் செய்த ஆவணமும் எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் தெரிய வேண்டும், அச்சாக வேண்டும். 1993இல் வந்த பிடிஎஃப் அந்த ஆசைதான்.

தோற்றம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்கள் காப்பாற்றுவதாகச் சொன்னது அதை மட்டும்தான்.

ஒரு பிடிஎஃப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்தி கிடையாது. பெரும்பாலும் சொல்லும் கிடையாது. இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த வடிவத்தை வரை. இப்படிக் கட்டளைகள்தான். அளவு அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. கணக்கு தாளின் கீழ் இடது மூலையிலிருந்து தொடங்கும். இரண்டு சொல்லுக்கு நடுவே இருப்பது பல நேரம் இடைவெளி எழுத்தே அல்ல, பேனா கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. அதனால்தான் பிடிஎஃப்பில் திருத்துவது இவ்வளவு பாடு. நடுவில் ஒரு சொல்லைச் செருகினால் மற்ற வரிகள் நகர்ந்து கொடுக்காது. மேலே எதையாவது வரையலாம். கீழே இருப்பது அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில் ரகசிய வரிகள் கறுப்புக் கட்டத்தால் மூடப்பட்டிருந்தன. நிருபர்கள் அந்த இடத்தை நகலெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டினார்கள். முழுதும் வந்துவிட்டது.

அடோபி பிடிஎஃப்பின் இலக்கணத்தைத் தொடக்கத்திலேயே வெளியிட்டது. 2008இல் அது ஐஎஸ்ஓ தரமும் ஆனது. யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் செய்யும் நிரல் எழுதலாம் என்ற நிலைமை இப்படி வந்ததுதான். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ப்ரூனோ லொவாகி 1998இல் அங்கத்திய தேவைக்காக ஒன்றை எழுதினார். அதைத் திரும்ப எழுதி 2000இல் ஐடெக்ஸ்ட் என்று வெளியிட்டார். பிஎச்பி எழுதுகிறவர்களுக்கு எஃப்பிடிஎஃப் வந்தது. ரசீது, மதிப்பெண் பட்டியல், பயணச்சீட்டு என்று எல்லாமே வலைத்தளத்திலிருந்து தானாகப் பிறக்க ஆரம்பித்தது இந்த மாதிரி நூலகங்களால்தான்.

பிடிஎஃப் தரத்திலேயே 14 அடிப்படை எழுத்துருக்கள் உண்டு. தமிழ் எதிலும் இல்லை. அது சின்ன விஷயம், எழுத்துருவை நாமே உள்ளே வைத்துவிடலாம். பெரிய விஷயம் வரிசை. ஆங்கிலத்தில் எழுத்தின் வரிசையும் வரையும் வரிசையும் ஒன்று. நமக்கு அப்படி இல்லை. யூனிகோட் 'கொ'வை நாம் உச்சரிக்கிற மாதிரி, முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று வைத்திருக்கும். வரையும்போது கொம்பு, க, கால் என்று வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஹார்ஃப்பஸ் போலத் தனி இயந்திரம் வேண்டும். பல நூலகங்கள் அதை வைத்துக்கொள்ளவே இல்லை. ஐடெக்ஸ்ட்டில்கூட 2016 வாக்கில்தான், காசு கொடுத்து வாங்கும் தனிச் சேர்க்கையாக அது வந்தது.

சரியாக வரைந்துவிட்டாலும் பாதிக் கிணறுதான். வடிவத்திலிருந்து எழுத்துக்குத் திரும்பிப் போக பிடிஎஃப்புக்குள் ஒரு அட்டவணை வேண்டும். அது இல்லாமலோ அரைகுறையாகவோ இருந்தால் நகலெடுக்கும்போது 'ெகாள்ளிடம்' என்று வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் நிலைமை இன்னும் மோசம். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை அவை. நகலெடுத்தால் ஆங்கிலக் குப்பைதான். அந்தக் காலத்துச் சிற்றிதழ் பிடிஎஃப் ஒன்றைத் தேடிப் பாருங்கள். பக்கம் அவ்வளவு அழகாக இருக்கும், ஒரு சொல்கூட அகப்படாது. யாரோ விசைப்பலகையில் அடித்த எழுத்துகள்தான் அவை. அதையே இன்று படமாக எடுத்து, ஓலைச்சுவடியைப் படிப்பதுபோல இயந்திரத்தைக் கொண்டு ஒவ்வொரு எழுத்தாக மறுபடி படிக்கவைக்கிறோம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

கடைசியில் உலாவி வழியாக அச்சிட்டு பிடிஎஃப் ஆக்கினேன். 'கொள்ளிடம்' ஒழுங்காகத் தெரிந்தது. எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் அத்தை போன் பண்ணினார்.

"ஏம்ப்பா, கொள்ளிடம்னு போட்டுத் தேடுனா இல்லைங்குது. கண்ணு முன்னாடி இருக்கே?"

இப்போது பிடிஎஃப்போடு வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அத்தை அதைத்தான் திறக்கிறாராம்.