துல்லியம்

துல்லியம் என்னுஞ் சொல்லை நம்மிற் பலர் கணக்குக்கும் கடிகாரத்துக்குமே உரியதென்று எண்ணுகின்றனர். அதன் பிறப்போ தராசிலுள்ளது. துலா என்பது வடமொழியில் நிறைகோலைக் குறிக்கும். நிறையால் ஒத்தது துல்யம். அதுவே தமிழில் துல்லியமாயிற்று. ஆகவே ஒப்பு என்பதே அதன் முதற்பொருள். யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் ஆடுகாலின்மேல் ஏறியிறங்கிய துலாவும் இச்சொல்லுக்கு உறவே என்க.

சரி வேறு, துல்லியம் வேறு. இவ்வேற்றுமையைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஏட்டுநூல்களை அச்சேற்றியோர் நன்கறிந்திருந்தனர். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஏகாரங்களும் வேறுபடா. எரியும் ஏரியும் அங்கே ஒரே வடிவின. காலும் ரகரமும் ஒத்திருந்தமையால் 'மரம்' என்பதை 'மாம்' என்றும் படிக்கலாம். இவற்றில் மயங்கிய கல்லாதவன் பிழைபட எழுதினான். அப்பிழை கண்ணுக்குத் தெரியும். ஓரளவு கற்றவனோ, தனக்கு விளங்காத சொல்லை நீக்கி விளங்குஞ் சொல்லைப் பெய்துவைத்தான். தளை தட்டாது, பொருளும் பொருந்தும், எல்லாஞ் சரி. ஆனாற் புலவன் பாடியது அதுவன்று! இருவருள்ளும் இவனையே நான் அஞ்சுகின்றேன்.

இதற்கு மருந்து பல ஏடுகளை ஒப்புநோக்குதலே. நல்லூர் ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868 இல் வெளியிட்டார். பின்னர் பிள்ளையவர்கள் வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். தொட்டால் நொறுங்கும் ஏடுகளைக் கண்டு அவர் பட்ட வேதனையைப் பதிப்புரையிற் காணலாம். ஏடு அழியுமுன் அச்சிடவேண்டும்; அவசரத்தால் ஓரெழுத்தும் மாறுதல் கூடாது. இவ்விரண்டுக்குமிடையே அவர் காலங் கழிந்தது. உத்தியோகமும் பார்த்துக்கொண்டு இவ்வளவுஞ் செய்தார் என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது.

உ. வே. சாமிநாதையர் 1894 இற் புறநானூற்றை வெளியிட்டபோது 267 ஆம், 268 ஆம் பாட்டுக்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறு பல பாட்டுக்களிலும் அடிகள் சிதைந்திருந்தன. அவ்விடங்களை நிரப்பச் செய்யுளியற்றும் ஆற்றல் ஐயருக்கு இல்லாமலில்லை. அவரோ சிதைந்த இடங்களிற் புள்ளிகளையிட்டு, இல்லாததை இல்லாதபடியே விட்டார்.