எரிந்த ஏடுகளும் எஞ்சிய ஊர்ப்பெயரும்

மக்கள்தொகைக் கணக்கு ஒன்று யோசேப்பையும் மரியாவையும் முன்னோர் ஊராகிய பெத்லகேமுக்கு அழைத்துச் சென்றது என்பது லூக்கா தரும் செய்தி. அரசு தன் தேவைக்காக எடுக்கும் கணக்கு, மனிதரை அவர்தம் வேரிடம் கொண்டு சேர்ப்பதும் உண்டு. அயர்லாந்திலிருந்து கடல் கடந்து போனோரின் வழித்தோன்றல்கள், தம் பாட்டனார் பிறந்த சிற்றூரைத் தேடும் வரலாறு இதற்கு நல்ல சான்று.

1841ஆம் ஆண்டுக் கணக்கின்படி அயர்லாந்தில் ஏறத்தாழ 82 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுவே அன்றாட உணவு. அடுத்த சில ஆண்டுகளில் பத்து லட்சம் பேர் பசிக்கும் கொள்ளை நோய்க்கும் பலியாயினர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். 1851இல் எஞ்சியோர் 65 லட்சத்துச் சொச்சம் பேரே. அமெரிக்கா போய்ச் சேர்ந்தவரை அந்நாட்டுக் கணக்கெடுப்பாளர் பெயரோடு பதிந்தார். ஆயின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்று மட்டுமே எழுதினார். அந்த ஒரு சொல்லுக்குள் அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட சிற்றூர்ப் பிரிவுகள் அடங்கியிருந்தன! 'டவுன்லாந்து' எனப்படும் இப்பிரிவு பெரும்பாலும் சில நூறு ஏக்கர் பரப்பே உடையது. ஏழை ஒருவனின் முகவரி அதுவே.

அப்படியானால் அயர்லாந்தின் கணக்கேடுகளிலேயே தேடலாமே என்று தோன்றும். அங்கேதான் பெரும் இழப்பு நேர்ந்தது. 1861, 1871ஆம் ஆண்டுகளின் வீட்டுப் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரையிலான ஏடுகள் டப்ளின் நகரில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் பொது ஆவணக் காப்பகத்தில் இருந்தன. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று அக்காப்பகம் வெடித்து எரிந்தபோது, சிறு பகுதி நீங்கலாக அவையும் சாம்பலாயின. 1911 வரையிலான கணக்குகளுள் நாடு முழுவதற்கும் வீடுவீடாக நமக்குக் கிடைப்பவை 1901, 1911 கணக்குகளே. அவற்றிலும் பிறந்த இடமாகப் பெரும்பாலும் கவுண்டியின் பெயர் மட்டுமே காணப்படும். ஆயினும் படிவங்கள் டவுன்லாந்து வாரியாகத் தொகுக்கப்பட்டவை. ஆகவே ஊரைவிட்டுப் போகாத ஓர் அண்ணனோ தங்கையோ அதில் தென்பட்டால் ஊர் தென்பட்டது போலத்தான்.

சாம்பலிலிருந்து மீண்ட செய்தியும் ஒன்று உண்டு. 1909இல் எழுபது வயது நிறைந்த ஏழைகளுக்கு முதியோர் உதவித்தொகை தொடங்கிற்று. வயதுக்குச் சான்று வேண்டும். பிறப்புப் பதிவோ 1864இல்தான் தொடங்கியது. எனவே முதியோர் தம் பெற்றோர் பெயரையும், தாம் குழந்தையாய் வாழ்ந்த டவுன்லாந்தையும் எழுதி, 1841 அல்லது 1851 கணக்கில் தம்மைத் தேடித் தருமாறு விண்ணப்பித்தனர். எழுத்தர்கள் ஏட்டைப் புரட்டிக் கண்டதைக் குறித்தனர். பின்னர் ஏடு எரிந்தது. விண்ணப்பத் தாள்கள் எஞ்சின. வாரத்திற்கு ஐந்து ஷில்லிங் வேண்டி நின்ற முதியோரின் கோரிக்கை, ஒரு பேரரசின் காப்பகம் காக்கத் தவறியதன் ஒரு சிறு பகுதியைக் காத்தது!

அடுத்த துணை வரைபடம். 1824இல் தாமஸ் கோல்பியின் தலைமையில் தொடங்கிய நில அளவை, மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் 1846க்குள் நாடு முழுவதையும் வரைந்தது. வரிவிதிப்பைச் சீராக்குவதே அரசின் நோக்கம். ஆயினும் ஜான் ஓ'டோனவன் என்ற அறிஞர் ஊர்தோறும் சென்று, முதியோரின் வாய்மொழியைக் கேட்டு, ஐரிஷ் மொழிப் பெயர்களின் மூலத்தை ஆராய்ந்து எழுதினார். 'பாலி' என்று தொடங்கும் பெயர்கள் பலவற்றில் ஊர் எனப் பொருள்படும் சொல்லும், 'கில்' என்று தொடங்குவன பலவற்றில் கோவில் எனப் பொருள்படும் சொல்லும் ஒளிந்துள்ளன. எழுதத் தெரியாதவர் சொன்ன பெயரைப் பாஸ்டன் நகர எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனை உரக்க வாசித்து, ஒலி ஒத்த பெயரை வரைபடத்தில் தேடுவதே வழி. ஒரே பெயரில் பல ஊர்கள் வரும். அப்போது 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் நிலமதிப்பீட்டில் குடும்பப் பெயரைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

பஞ்சத்தின் வாசலில் நின்று வரையப்பட்ட அந்த வரைபடத்தில் சிறு கரும்புள்ளிகளாய் நெருங்கி நிற்கும் வீடுகள், பின்னாளைய வரைபடத்தில் பல இடங்களில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், வரலாற்று நூல் சொல்லும் பத்து லட்சத்தை ஓர் ஊரின் அளவில் காண்கிறார்.

இறுதிச் சான்று பெரும்பாலும் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே கிடைக்கும். அரசுக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்த ஆங்கிலிக்கன் பதிவேடுகள் பல 1922இல் எரிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்தமையால் தப்பின. ஜேம்ஸ் 'யாக்கோபுஸ்' என இலத்தீனில் மாறியிருப்பார். ஞானப்பெற்றோரின் பெயர் அருகே நிற்கும். அவர்கள் பெரும்பாலும் உறவினரோ அயலாரோ ஆதலின், அதுவும் ஊருக்கு வழிகாட்டும்.

ஆங்கிலிக்கன் பதிவேடுகளிலும் ஊரிலேயே தங்கியவை தப்பியதுண்டு. செருப்புத் தைப்பவரின் மகனான ஃபால்மத் கியர்னி 1850இல் அமெரிக்கா சென்றார். அங்குள்ள கணக்கேடுகள் வழியே அவருடைய மரபைப் பின்தொடர்ந்தோர், 2007இல் டெம்பிள்ஹாரி ஆங்கிலிக்கன் பங்கின் பதிவேட்டில் அக்குடும்பத்தைக் கண்டனர். ஊர், ஆஃபலி கவுண்டியிலுள்ள மணிகால். 2011 மே 23 அன்று அவ்வூர்த் தெருவில் நடந்து சென்ற அவருடைய வழித்தோன்றல், அந்நாளைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா.

செல்வர்க்குப் பட்டயமும் கல்வெட்டும் உண்டு. ஏழைக்கோ பிறர் எழுதிய ஒரு வரியே வரலாறு. கணக்கெடுப்பாளரோ நில அளவையாளரோ பங்குக்குருவோ, பின்னொரு நாளில் பேரன் தேடி வருவான் என எண்ணி அவ்வரியை எழுதவில்லை. தம் கடமையை ஒழுங்காகச் செய்தனர், அவ்வளவே. நம் பங்குகளிலும் கறையான் அரிக்கக் காத்திருக்கும் பதிவேடுகள் உள்ளன. அவற்றைப் பேணுவதும், நம் முதியோரிடம் அவர்தம் பெற்றோர் பிறந்த ஊரைக் கேட்டு இன்றே எழுதி வைப்பதும், நாம் காணப்போகாத பேரப்பிள்ளைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அன்றோ!