விளையாட்டு என்ற சாக்கு: ஒரு சொல்லின் வரலாறு

சாத்தாங்காட்டில் என் பெயர் 'துரு'. ஜார்ஜ் டவுன் நெரிசலிலிருந்து இரும்பு வியாபாரத்தை வெளியே நகர்த்துவதற்காக சி.எம்.டி.ஏ. அமைத்த மார்க்கெட்டில் அப்பா லோடுமேன். தகடும் கம்பியும் தூக்கித் தூக்கி அவர் சட்டைத் தோளில் ஏறிய கறை எந்த சோப்புக்கும் போகாது. எல்லாத் துணியையும் ஒரே பக்கெட்டில் ஊறவைப்பதால் என் பள்ளிக்கூடச் சட்டையிலும் அந்தப் பழுப்பு இறங்கியிருக்கும். ஆறாவதில் வைத்த பெயர் பத்தாவது வரை போகவில்லை. வீட்டுக்கு வந்தால் அண்ணன். லேத் பட்டறையில் ஹெல்பராக இருந்தான். ராத்திரி வந்ததும் ஏதோ ஒரு சாக்கில் பெல்ட்டை உருவுவான். அம்மாவிடம் சொன்னால், "அண்ணந்தானடா அட்ச்சான், இன்னா இப்போ?" என்பாள். வாத்தியாரிடம் சொன்னால், "பசங்க வெளையாட்டுக்குச் சொல்றானுங்க" என்பார்.

இந்த 'வெளையாட்டு' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம். கிண்டல், கேலி, ஓட்டுறது, கலாய்க்கிறது என்று நம்மிடம் இருக்கும் சொற்கள் எல்லாமே செய்கிறவன் பக்கத்துச் சொற்கள். வாங்கிக்கொள்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூடக் கிடையாது. வன்முறையின் வரலாறு என்பது, எந்த அடிக்கு எப்போது யாரால் பெயர் கிடைத்தது என்பதன் வரலாறும்தான்.

தமிழ்நாட்டில் அப்படி ஒரு பெயர் கிடைத்த ஆண்டு 1996. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு அந்த நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 1998-இல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தது; 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது; 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. வழக்கு 15 ஆண்டுகள் நடந்தது.

அந்தச் சட்டத்தின் வரையறையைப் படித்துப் பார்க்க வேண்டும். உடலுக்கு நேரும் தீங்கோடு மனதுக்கு நேரும் தீங்கு, பயம், வெட்கம், சங்கடம் ஆகியவையும் அதில் இருக்கின்றன. கேலி செய்வதும் விளையாட்டுக் குறும்பும்கூட இருக்கின்றன. அதாவது 'சும்மா வெளையாட்டுக்கு' என்ற சாக்கே குற்றத்தின் ஒரு வகையாக எழுதப்பட்டுவிட்டது. இரண்டு ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். ஆனால் ராகிங் என்ற சொல் நம் புழக்கத்தில் கல்லூரி விடுதியின் படியிறங்கவேயில்லை. பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சுக்கும் ஓர் அறை வீட்டுக்கும் அது வரவில்லை.

சாவு நடந்த பிறகே சொல் பிறப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. நார்வேயில் டான் ஒல்வேயஸ் 1970களின் தொடக்கத்திலிருந்தே பள்ளிச் சிறுவர்களிடையே நடக்கும் கொடுமையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1982-இன் இறுதியில் சக மாணவர்களின் தொல்லையோடு தொடர்புபடுத்தப்பட்ட மூன்று சிறுவர்களின் தற்கொலைகள் நடந்தன. அதற்குப் பிறகுதான், 1983-இல், அந்நாட்டு அரசு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. வீட்டுக்குள் நடப்பதற்கு இன்னும் தாமதம். இங்கிலாந்தில் சுமார் 7,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. 12 வயதில், உடன்பிறந்தவரிடம் வாரத்தில் பலமுறை கொடுமைப்பட்டதாகச் சொன்னவர்களிடம், 18 வயதில் மனச்சோர்வும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டன. 'அண்ணந்தானடா' என்ற சமாதானத்துக்கு இதுதான் பதில்.

'சக மாணவர்' என்ற சொல்லையும் நம்ப முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்கள் தந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனை, ஆதிக்க சாதிப் பையன்கள் இரவில் வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அங்கே 'சக' என்பது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் பள்ளிகளின் பெயரிலுள்ள சாதி வரை அது பேசியது. பையன்களின் சண்டை என்று சொல்லப்படுவதற்குள் எவ்வளவு பழைய வரலாறு உட்கார்ந்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே காட்டுகிறது. அதே இரவு, கூடப் பிறந்தவள் குறுக்கே நின்றாள் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

சாத்தாங்காட்டுக்குத் திரும்புகிறேன். பட்டறையில் அண்ணனை மேஸ்திரி ஸ்பானரால் அடிப்பார் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. மேஸ்திரி அண்ணனை, அண்ணன் என்னை. சங்கிலி என்னோடு அறுந்தது என்று எழுதிவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். அறுக்கவில்லை.

எட்டாவதில் எங்கள் வகுப்பில் ஒருத்தன் தனக்குத்தானே பேசிக்கொள்வான். அவனுக்கு நான்தான் 'கீழ்ப்பாக்கம்' என்று பெயர் வைத்தேன். 1794-இல் தொடங்கப்பட்டு 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனை சென்னைத் தமிழில் வசவாகத்தான் புழங்குகிறது. சிகிச்சை பெறும் இடத்தின் பெயரே வசவாக இருக்கும் ஊரில், மனசு சரியில்லை என்று எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அந்தப் பெயர் வந்த நாளிலிருந்து என்னை யாரும் துரு என்று கூப்பிடுவது குறைந்தது. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அரைப் பரீட்சைக்கு அப்புறம் அவன் வரவில்லை. வாத்தியார் பெயரை அடித்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

போன வருஷம் அண்ணனிடம் பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெளையாட்டுக்குத்தானடா" என்றான். கோபம் வந்தது. ஆனால் அந்தப் பையன் எதிரே வந்து கேட்டால் நானும் இதைத்தான் சொல்லுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் பெயரை ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். இப்போதும் நாங்கள் வைத்த பெயர்தான் முதலில் வருகிறது.