பாட்டாலே சேதி சொன்ன மீனாட்சி அம்மாள்

நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். எங்கள் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிறவள். அதனாலேயே மலருக்கும் நீயே எழுது என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

போன மாசம் என் மகள் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து ஒரு சின்னப் புத்தகம் எடுத்து வந்தாள். ஐடா வெல்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணைப் பற்றிப் பிள்ளைகளுக்காக எழுதியது. 1862ல் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். படித்து, டீச்சராகி, பிறகு பத்திரிகை நடத்தினார். 1892ல் மெம்பிஸ் நகரத்தில் மூன்று கறுப்பினத்தாரை ஒரு கும்பல் ஜெயிலிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றது. அந்த அநியாயத்தை ஐடா எழுதினார். அவருடைய அச்சுக்கூடத்தை அடித்து நொறுக்கினார்கள். அப்படியும் அவர் எழுதுவதை விடவில்லை.

"நம்ம ஆளுங்கள்ல இப்படி யாரும் இல்லையாம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து என் மாமியார்தான் சொன்னார்: "ஏன் இல்ல? சிலோன்ல மீனாட்சி அம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்களாம். மீட்டிங்ல பாட்டுப் பாடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

அத்தை அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்னப் பிள்ளையாக ராமேசுவரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரிக்கு வந்தவர். அவர் சொன்ன பேரைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்தேன்.

மீனாட்சி அம்மாளின் கணவர் கோ. நடேசய்யர், தஞ்சாவூர்க்காரர். அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது. அவர் துணி வியாபாரி மாதிரி உள்ளே போய் நம் சனங்கள் படுகிற பாட்டைப் பார்த்தார். 1924ல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931ல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்தார். இந்த வேலை எல்லாவற்றிலும் மீனாட்சி அம்மாள் கூடவே நின்றார். பத்திரிகையில் உழைத்தார், பெண்கள் உரிமை பற்றி எழுதினார், மேடை ஏறிப் பேசினார்.

ஆனால் பத்திரிகையை அச்சடித்தால் போதுமா? விடிகாலையில் பெரட்டுக்குப் போய், பொழுது சாயக் கூடை இறக்கும் பெண்களில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? அதனால் அவர் சேதியைப் பாட்டாகக் கட்டினார். கூட்டங்களில் தானே பாடினார். 1939ல் இலங்கை அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நிறுத்தியது. அடுத்த வருஷம், 1940ல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று அவருடைய பாட்டுப் புத்தகம் அச்சில் வந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் பாடினால், தெரியாத பத்துப் பேர் கேட்டு மனசில் வைத்துக்கொள்ளலாம்.

அவர் பயந்ததுபோலவே நடந்தது. 1948ல் சட்டம் போட்டுத் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, 1968ல் தொடங்கியது. நம் கூட்டமைப்பிலும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் பலர் இருக்கிறோம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் சுருக்கென்று குத்தியது. ஒருநாள் குழுக் கூட்டத்தில் கடன் தவணையை 500லிருந்து 1,000 ரூபாயாக மாற்றித் தீர்மானம் எழுதினேன். மழை வருகிறது, கடைசி பஸ் போய்விடும் என்று வாசித்துக் காட்டாமலே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். வயசான ஒரு அக்கா கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாசம் 500 ரூபாயோடு வந்தார். எல்லார் முன்னாடியும் "பாதிதானே கட்டுறீங்க" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் செத்துப்போனது. இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. தப்பு என்னுடையது. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ எழுதுனது எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?" என்றுதான் கேட்டார். மீனாட்சி அம்மாளுக்குத் தோட்டத்து மேடையில் தெரிந்த விஷயம், எனக்கு அந்த அக்கா கேட்ட பிறகுதான் புரிந்தது.

இப்போது எங்கள் குழுவில் தீர்மானத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்து, எல்லாரும் சரி என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. எத்தனை நேரமானாலும் அப்படித்தான். மற்ற குழுக்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐடா வெல்ஸைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்கிறது. மீனாட்சி அம்மாளைப் பற்றியும் ஒன்று வர வேண்டும். அது வரும் வரைக்கும் இந்தக் கட்டுரையையாவது வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும், படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். என் அத்தைக்கு நான் வாசித்துக் காட்டிவிட்டேன். "எங்கம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்" என்றார்.